சவலைப் பிள்ளைக்கு எது குறைவு? – புரதத்தின் இருநூறு ஆண்டுக் கதை

கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி கருவுற்றால், மூத்த குழந்தைக்குப் பாலை மறக்கடித்து விடுவார்கள். அதன் பிறகு அந்தக் குழந்தை இளைக்கத் தொடங்கும். கை கால் குச்சியாகும், வயிறு மட்டும் முன்னால் தள்ளும், எப்போது பார்த்தாலும் சிணுங்கிக்கொண்டே இருக்கும். "பிள்ளை சவலை பாஞ்சிருக்கு" என்று நம் ஊர்ப் பாட்டிமார்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்.

1930களில் ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் (இன்றைய கானா) வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், வீங்கிய கால்களும் உரியும் தோலும் நிறம் மாறிய முடியுமாக வந்த குழந்தைகளைப் பார்த்தார். உள்ளூர்த் தாய்மார்களிடம் இந்த நோயின் பெயரைக் கேட்டபோது, கா மொழியில் "குவாஷியோர்கர்" என்றார்கள். அடுத்த பிள்ளை பிறந்ததும் இடத்தை இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். 1935-இல் அந்தப் பெயரிலேயே அவர் லான்செட் இதழில் எழுதினார்.

ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு மக்கள் கூட்டம், ஒரே காரணத்தை வைத்துக் குழந்தையின் நோய்க்குப் பெயர் சூட்டியிருக்கிறது. தாய்ப்பால் நின்றதும்தான் நோய் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் தாய்ப்பாலோடு சேர்ந்து குழந்தை இழந்தது எதை? இந்த ஒரு கேள்விக்குத்தான் உலகம் நாற்பது ஆண்டுகள் "புரதம்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கோடிக்கணக்கான பணம் அந்தப் பதிலை நம்பிச் செலவானது. அந்தப் பதில் சரியில்லை என்று எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் சேலத்தில் பிறந்த ஒரு தமிழர். அந்தக் கதைதான் இது.

முதலில் ஒரு சின்ன அறிமுகம்

65 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 10 கிலோ புரதம் இருக்கும். தசை என்றால் புரதம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் ஒரு புரதம். கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருட்கள் புரதம். சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதிகளும் புரதம்தான். எலும்பு, தோல், தசைநாண் ஆகியவற்றைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன்தான் உடலில் அதிகமாக உள்ள புரதம்.

இவை எல்லாமே 20 வகை அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோர்த்துச் செய்யப்பட்டவை. இந்த இருபதில் ஒன்பதை நம் உடலால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். மீதியை உடலே தயாரித்துக்கொள்ளும். சங்கிலியில் ஒரே ஒரு மணி மாறினாலும் விளைவு பெரிது. ஹீமோகுளோபினில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் வாலின் வந்து உட்கார்ந்தால் அரிவாள் செல் சோகை வருகிறது. 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தன்மை கண்டறியப்பட்டது.

அரிவாள் செல் சோகை பிறவியிலேயே வருவது. சவலை அப்படி அல்ல, அது தட்டில் இருந்து வருவது. எனவே தட்டில் என்ன விழுந்தது என்ற வரலாற்றைப் பார்ப்போம்.

பாரிஸின் எலும்பு சூப்

கதை பிரான்சில் தொடங்குகிறது. 1816-இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் ஃபிரான்சுவா மஜாந்தி நாய்களுக்குச் சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் கொடுத்துப் பார்த்தார். சில வாரங்களில் அவை இறந்தன. எண்ணெய் மட்டும், வெண்ணெய் மட்டும் கொடுத்தபோதும் அதே முடிவுதான். நைட்ரஜன் உள்ள உணவு இல்லாமல் உயிர் வாழ முடியாது என்று அவர் முடிவுக்கு வந்தார். "புரதம்" என்ற பெயர் அப்போது பிறக்கவே இல்லை.

அதே காலத்தில் பாரிஸில் இன்னொரு முயற்சி நடந்தது. கசாப்புக் கடைகளில் வீணாகப் போகும் எலும்புகளில் இருந்து ஜெலட்டின் எடுத்து, அதில் சூப் வைத்து மருத்துவமனை நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்தால் என்ன என்று தார்செ என்ற வேதியியலாளர் யோசனை சொன்னார். ஜெலட்டினில் நைட்ரஜன் இருக்கிறது, விலையும் மலிவு. எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. சாப்பிட்டவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை! புகார்கள் குவிந்ததால் அறிவியல் கழகம் மஜாந்தியின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. ஜெலட்டினை மட்டும் உண்டு நாய்கள் உயிர் வாழ முடியாது என்று 1841-இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது.

காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. இன்று தெரியும். ஜெலட்டின் என்பது கொதிக்க வைத்த கொலாஜன். அதில் டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் இல்லவே இல்லை. ஒரு செங்கல் குறைந்தாலும் வீடு எழும்பாது என்பது போல, ஒன்பதில் ஒன்று இல்லாவிட்டாலும் உடல் புரதத்தைக் கட்ட முடியாது.

இந்தக் கொலாஜனின் வடிவத்தைக் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகத்தில்! ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அது மூன்று இழைகள் சேர்ந்த முறுக்கு என்று 1954-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள், 1955-இல் திருத்தி இன்னும் செம்மையாக்கினார்கள். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் கையை விட்டு இந்தியாவுக்கு வந்ததும் அதே 1954-ஆம் ஆண்டு, நவம்பர் 1 அன்றுதான். பாரிஸ் ஏழைகளின் சூப்பில் மிதந்த பொருளின் வடிவம், நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, புதுச்சேரியில் இருந்து மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில் தெளிவானது.

பாரிஸ் சூப்பில் ஒரு பாடம் இருக்கிறது. ஏழைக்கு ஒரு சத்து குறைகிறது என்று மேலே உள்ளவர்கள் முடிவு செய்வது, அதை மலிவாகத் தயாரிப்பது, ஏழையிடம் கேட்காமலே ஊற்றுவது. இந்தக் கதையில் இது மறுபடியும் வரும்.

"முதன்மையானது" என்ற பெயர்

1838-இல் டச்சு வேதியியலாளர் முல்டர், சுவீடனின் பெர்சீலியஸ் சொன்ன யோசனைப்படி, இந்தப் பொருளுக்குப் "புரோட்டீன்" என்று பெயர் வைத்தார். "முதன்மையானது" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. பெயரே பாதி விளம்பரம் செய்துவிட்டது. ஜெர்மனியின் லீபிக், உழைப்புக்கு வேண்டிய சக்தி முழுவதும் புரதத்தில் இருந்தே வருகிறது என்று நம்பினார். 1865-இல் அவர் பெயரைத் தாங்கிய இறைச்சிச் சாறு நிறுவனம் தொடங்கப்பட்டு நல்ல வியாபாரம் நடந்தது.

உழைக்கும் ஒரு மனிதனுக்கு நாளுக்கு 118 கிராம் புரதம் வேண்டும் என்று மூனிக் நகரின் கார்ல் ஃபாய்ட் கணக்குச் சொன்னார். ஜெர்மானியத் தொழிலாளர்கள் வழக்கமாக எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று பார்த்து வந்த எண் அது. சாப்பிடுவது வேறு, தேவைப்படுவது வேறு என்ற வித்தியாசம் அங்கே காணாமல் போனது. 1904-இல் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிட்டண்டன் தன்னையும் சக ஆசிரியர்களையும் ராணுவ வீரர்களையும் விளையாட்டு வீரர்களையும் வைத்துச் சோதித்தார். அதில் பாதிக்கும் குறைவான புரதத்திலேயே எல்லோரும் நலமாக இருந்தார்கள்.

ஆனால் காலனி நாடுகளில் பழைய நம்பிக்கையே ஓடிக்கொண்டிருந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டேவிட் மெக்கே 1912-இல் எழுதிய நூலில், அரிசி உண்ணும் வங்காளிகள் வலிமை குறைந்து இருப்பதற்குப் புரதக் குறைவே காரணம் என்று வாதிட்டார். அடிமைப்பட்டவன் ஏன் அடிமையானான் என்ற கேள்விக்குத் தட்டில் பதில் தேடியது அந்தக் காலம்.

குன்னூரில் எலிகள்

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்தச் சிறிய முயற்சிதான் வளர்ந்து சத்துணவு ஆய்வுக்கூடம் ஆனது. பின்னர் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. இந்தியாவின் ஊட்டச்சத்து அறிவியல் பிறந்த வீடு நீலகிரி என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி, கொஞ்சம் இறைச்சி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணச் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கடைசி வரிசையில் நின்றன. இதைப் பார்த்ததும் "புரதம்!" என்று குதிக்கத் தோன்றும். ஆனால் அந்த இரண்டு தட்டுகளுக்கும் இடையே புரதம் மட்டும் வேறுபடவில்லை. பால், காய்கறி, வைட்டமின்கள், தாது உப்புகள் என்று எல்லாமே வேறு.

அவருக்குப் பின் 1935-இல் வந்த ஐக்ராய்ட் குன்னூரில் இந்திய உணவுப் பொருட்களைப் பகுத்து, எதில் எவ்வளவு சத்து என்ற அட்டவணையைச் சிறு நூலாகக் கொண்டுவந்தார். பிறகு அவர் ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் ஊட்டச்சத்துப் பிரிவுக்குத் தலைவரானார். குன்னூரில் இருந்து ரோம் வரை ஒரு பாதை போட்டாயிற்று.

உலகமே புரதத்தின் பின்னால்

1952-இல் பிராக், ஓட்ரே என்ற இருவர் ஆப்பிரிக்காவைச் சுற்றிவிட்டு வந்து ஐ.நா. அமைப்புகளுக்கு ஓர் அறிக்கை தந்தார்கள். குவாஷியோர்கர் மிகப் பரவலான, மிகக் கொடிய சத்துக்குறைவு நோய், அதன் காரணம் புரதக் குறைவு என்றார்கள். 1955-இல் ஐ.நா. புரத ஆலோசனைக் குழுவே தொடங்கப்பட்டது. 1968-இல் "நெருங்கி வரும் புரத நெருக்கடி" பற்றி ஐ.நா. தனி அறிக்கை வெளியிட்டது.

அமெரிக்காவில் மிஞ்சிப் போன கொழுப்பு நீக்கிய பால்பவுடர் முதலில் யூனிசெஃப் மூலம் ஏழை நாடுகளுக்கு வந்தது. அங்கே மிச்சம் குறையத் தொடங்கியதும் மலிவான மாற்றுப் புரதம் தேடும் வேட்டை ஆரம்பமானது. மீனை அரைத்து மாவாக்கினார்கள். குவாத்தமாலாவில் பருத்திக்கொட்டை மாவில் இன்காபரினா தயாரித்தார்கள். பிரான்சின் லாவேரா சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோலியத்தில் ஈஸ்ட் வளர்த்துப் புரதம் எடுக்கும் முயற்சிகூட நடந்தது! பாரிஸ் எலும்பு சூப் ஞாபகம் வருகிறதா?

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் கடலை மாவும் கடலைப்பருப்பு மாவும் கலந்து பல்நோக்கு உணவு என்ற மாவைத் தயாரித்தது. 1960களின் பிற்பகுதியில் அரசு பால் ஆகார் என்ற சத்துமாவைக் கொண்டுவந்தது. அரசு நிறுவனமாக இருந்த மாடர்ன் பேக்கரீஸ் ரொட்டியில் லைசின் சேர்த்து விற்றது.

எல்லாம் நல்ல எண்ணத்தோடுதான். ஆனால் ஒரு வணிகப் பாடம் இங்கே பொருந்தும். தேவையைத் தவறாகக் கணித்தால், எவ்வளவு தரமான சரக்கைத் தயாரித்தாலும் அது நஷ்டக் கணக்கில்தான் முடியும்.

சேலத்து மருத்துவர்

1918 நவம்பர் 29 அன்று சேலத்தில் பிறந்தவர் சி.கோபாலன். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, குன்னூர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்குப் போனபோது அவரும் போனார், 1960களில் அதன் இயக்குநராகவும் ஆனார்.

அவர் முன்னால் இரண்டு விதக் குழந்தைகள் வந்தன. ஒன்று, உடல் வீங்கிய குவாஷியோர்கர் குழந்தை. இன்னொன்று, எலும்பும் தோலுமான மராஸ்மஸ் குழந்தை. புத்தகம் என்ன சொல்கிறது? முதல் குழந்தைக்குச் சோறு கிடைக்கிறது, புரதம் இல்லை. இரண்டாவது குழந்தைக்கு இரண்டுமே இல்லை. அப்படியானால் இரண்டு குழந்தைகளின் சாப்பாடும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

கோபாலன் குழு வீடு வீடாகப் போய்க் குழந்தைகள் உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அளந்தது. முடிவு வேறு மாதிரி வந்தது. இரண்டு விதக் குழந்தைகளும் ஒரே ஊர், ஒரே வறுமை, ஒரே மாதிரியான சாப்பாடு! சாப்பாட்டில் புரதத்துக்கும் கலோரிக்கும் உள்ள விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குக் குறைந்தது கலோரி, அதாவது சாப்பாட்டின் மொத்த அளவு. அந்தப் பற்றாக்குறைக்கு உடல் தன்னைச் சுருக்கித் தகவமைத்துக்கொண்டால் மராஸ்மஸ், தகவமைப்பு உடைந்துபோனால் குவாஷியோர்கர் என்று 1968-இல் வெளியான கட்டுரையில் அவர் விளக்கம் தந்தார்.

புள்ளியியல் அறிஞர் பி.வி.சுகாத்மே வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தார். இந்திய உணவுக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து, போதுமான அளவு சாப்பிடுகிறவர்களுக்குப் புரதக் குறைவு அரிது என்று 1970-இல் காட்டினார்.

வெறும் வாதத்தோடு கோபாலன் நிற்கவில்லை. ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு ஓராண்டுக்கும் மேலாகத் தினமும் கூடுதல் தின்பண்டம் ஒன்று கொடுக்கப்பட்டது. அதில் 310 கலோரி, புரதமோ வெறும் 3 கிராம். அந்தக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளை விட நன்றாக வளர்ந்தார்கள். 1973-இல் இந்த முடிவு வெளியானது. விலை உயர்ந்த தனிப் புரதம் எதுவும் சேர்க்காமலே, வயிறு நிறைந்ததும் குழந்தை வளர்ந்தது.

1974-இல் டொனால்ட் மெக்லாரன் என்ற மருத்துவர் லான்செட் இதழில் "மாபெரும் புரதத் தோல்வி" என்று பொருள்படும் தலைப்பிலேயே எழுதி, உலகம் தவறான திசையில் ஓடியதைக் கண்டித்தார். அந்தக் காலத்திலேயே ஐ.நா. நிபுணர் குழுவும் குழந்தைகளுக்கான புரதத் தேவையின் அளவைக் குறைத்தது. புரத ஆலோசனைக் குழு 1970களின் பிற்பகுதியில் மூடப்பட்டது.

மூலதனமும் அன்றாடச் செலவும்

கலோரி குறைந்தால் ஏன் புரதம் வீணாகிறது? ஒரு கடை முதலாளியை நினைத்துப் பாருங்கள். அன்றாட வியாபாரத்தில் வரும் பணத்தில் வாடகை, கரண்ட் பில், கூலி எல்லாம் கொடுக்க வேண்டும். வரவு போதாவிட்டால் என்ன செய்வார்? மூலதனத்தில் கை வைப்பார். கடையை விரிவாக்க வைத்திருந்த பணம் கரண்ட் பில்லுக்குப் போய்விடும்.

உடலும் இப்படித்தான். இதயம் துடிக்க, மூச்சு விட, உடம்புச் சூடு காக்கத் தினமும் சக்தி வேண்டும். அது மாவுச்சத்திலும் கொழுப்பிலும் இருந்து கிடைக்காவிட்டால் புரதத்தை எடுத்து எரித்துவிடும். அப்போது நீங்கள் கொடுக்கும் விலை உயர்ந்த புரதமும் விறகாகத்தான் போகும்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 1000 கலோரியும் சுமார் 12 கிராம் புரதமும் தேவை. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரியும் 7 கிராம் புரதமும் இருக்கின்றன. அரிசியாலேயே 1000 கலோரியை நிரப்பினால், அதோடு 20 கிராம் புரதமும் தானாக வந்துவிடும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்துவிடும். இட்லியும் பொங்கலும் சாம்பார் சோறும் இந்த வேலையைத்தான் காலங்காலமாகச் செய்து வருகின்றன. (மரவள்ளிக் கிழங்கையே நம்பியிருக்கும் இடங்களில் இந்தக் கணக்கு உதைக்கும், ஏனெனில் அதில் புரதம் மிகமிகக் குறைவு.)

அப்படியானால் சவலைப் பிள்ளைக்கு ஏன் 1000 கலோரி போகவில்லை? முதல் காரணம் வறுமை. இரண்டாவது, தண்ணீராகக் கரைத்த கஞ்சி. குழந்தையின் வயிறு சிறியது, இரண்டு வேளைக் கஞ்சியில் தேவையான அளவை அடைக்க முடியாது. மூன்றாவது, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். கொஞ்சம் எண்ணெயும் வெல்லமும் பருப்பும் சேர்ந்த கெட்டியான உணவை, சிறுகச் சிறுகப் பல வேளை கொடுப்பதும் சுத்தமான குடிநீரும்தான் மருந்து.

தமிழ்நாடு இதைச் செய்தே காட்டியது. 1980-இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, வளர்ச்சி நின்ற குழந்தைகளுக்கு மட்டும் லட்டு உருண்டைகள் கொடுத்தார்கள். தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த சாதாரண உருண்டைதான் அது.

புதுச்சேரியின் தட்டு

பள்ளியில் சோறு போடும் வழக்கம் புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1930-இல், பிரெஞ்சு ஆட்சியிலேயே, இங்கே மதிய உணவுத் திட்டம் வந்துவிட்டது. சென்னை நகரில் மாநகராட்சிப் பள்ளிகள் 1920களில் தொடங்கியிருந்தன. காமராசர் 1956-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு விரிவாக்கியதும், எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவுத் திட்டமாக்கியதும் அதற்குப் பின்னால்தான்.

கவனியுங்கள், இந்தத் திட்டங்கள் எல்லாம் சோற்றில் தொடங்கியவை. உலக நிபுணர்கள் புரதப் பவுடரைத் தேடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நம் ஊர் அரசியல்வாதிகள் "பிள்ளைக்குப் பசிக்கிறது, சோறு போடு" என்றார்கள். அறிவியல் பின்னால்தான் அவர்கள் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது! வயிறு நிறைந்த பிறகுதான் அடுத்த படி. தமிழ்நாட்டில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, படிப்படியாக வாரத்தில் ஐந்து நாள் என்று கூடியது. புதுச்சேரியில் 2000களின் தொடக்கத்தில் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலையில் பால் கொடுக்கும் திட்டம் வந்தது.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், 100 மில்லி பாலில் சுமார் 3 கிராம். சோறு மூலதனத்தைக் காப்பாற்றுகிறது, முட்டையும் பாலும் அதைப் பெருக்குகின்றன. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இந்திய அளவில் 35.5 சதவீதம், புதுச்சேரியில் 20 சதவீதம். நாட்டோடு ஒப்பிட்டால் நல்ல நிலைதான். ஆனால் 20 சதவீதம் என்றால் ஐந்தில் ஒரு குழந்தை என்பதை மறக்கக் கூடாது.

கதை முடியவில்லை

அப்படியென்றால் புரதம் ஒரு பொருட்டே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. அறிவியல் ஒரு பக்கம் அதிகமாகச் சாய்ந்தால் பிறகு மறு பக்கம் அதிகமாகச் சாயும்.

2013-இல் மலாவி நாட்டு இரட்டைக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு சயின்ஸ் இதழில் வந்தது. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஆனால் ஒரு குழந்தைக்குக் குவாஷியோர்கர், இன்னொன்றுக்கு இல்லை. குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று அந்த ஆய்வு காட்டியது. ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு விளைவு என்று கோபாலன் சொன்னதை இது நினைவூட்டுகிறது. 2016-இல் அதே மலாவியில், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் ரத்தத்தில் அத்தியாவசிய அமினோ அமிலங்கள் குறைவாக இருப்பதும் தெரிந்தது. ஆக, வயிறு நிறைந்தாலும் புரதத்தின் தரத்தைக் கவனிக்க வேண்டும் என்ற குரல் மறுபடி எழுந்திருக்கிறது.

மருத்துவமனையில் நடப்பது இன்னும் வியப்பானது. குவாஷியோர்கரோடு வந்து சேரும் குழந்தைக்கு முதல் சில நாட்கள் அதிகப் புரதம் கொடுக்கக் கூடாது. அந்த நிலையில் கல்லீரலும் சிறுநீரகமும் அதைத் தாங்காது. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி முதலில் தரப்படும் பாலில் 100 மில்லிக்கு 0.9 கிராம் புரதம்தான் இருக்கும். குழந்தை தேறிய பிறகே 2.9 கிராம் உள்ள பாலுக்கு மாற்றுவார்கள். புரதக் குறைவு நோய் என்று பெயர் வாங்கிய நோய்க்கு முதல் சிகிச்சை குறைந்த புரதம்! காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் மருந்தே விஷமாகும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

இன்று புரத மோகம் வேறு வடிவத்தில் வந்திருக்கிறது. ஜிம்முக்குப் போகும் இளைஞர்களின் கையில் பெரிய பெரிய டப்பாக்கள். நாளுக்கு எவ்வளவு தேவை? உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்ன அளவு. 65 கிலோ ஆணுக்குச் சுமார் 54 கிராம். இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் பருப்பு, ஒரு துண்டு மீன், ஒரு டம்ளர் பால், மூன்று வேளைச் சோறு அல்லது டிபன் என்று சாப்பிட்டாலே கணக்கு நிறைந்துவிடும். உடலைப் பெருக்க வைக்கும் புரதப் பவுடர்களைத் தவிர்க்கும்படி 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே சொல்லியிருக்கிறது. குன்னூரில் எலிகளோடு தொடங்கிய அதே நிறுவனம்தான்.

கோபாலன் 2019 அக்டோபர் 3 அன்று, தன் நூற்று ஒன்றாவது பிறந்த நாளுக்குச் சில வாரங்களே இருக்கும்போது சென்னையில் காலமானார். அவர் புதுப் பவுடர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வறுமைக்குப் பதிலாக ஒரு டப்பாவை நீட்ட முடியாது என்று, குழந்தைகளின் தட்டை அளந்து பார்த்து நிரூபித்தார். பாரிஸின் சூப் அண்டாவில் இருந்து இன்றைய புரத டப்பா வரை இருநூறு ஆண்டுகளாக ஒரே கேள்விதான் சுற்றி வருகிறது: அந்தத் தட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா? சவலை என்று பெயர் வைத்த பாட்டிமார்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் அவர்கள் மருந்து தேடாமல், குழந்தையை மடியில் உட்கார வைத்து, நெய் விட்டுப் பருப்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டினார்கள்.